வலது குதிகால்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் டிரெய்னிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது அடையாள அட்டையில் தூங்குகிறது. வயது நாற்பத்தாறு. தையல் இயந்திரத்தோடு இருபத்து மூன்று வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்குகிற வேலை.

முதல் நாள் யாருக்கும் நூல் தரமாட்டாள். துணியும் கிடையாது. கோடு போட்ட காகிதம் ஒன்றை நீட்டி, வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வாள். இயந்திரத்துக்குக் கீழே இருக்கிற மிதிபலகையில் முன்பாதம் அழுத்தினால் ஓட்டம், குதிகால் அழுத்தினால் நிறுத்தம், கூடவே நூலும் வெட்டுப்படும். "கையை விடு, அது தன்னால வரும். முதல்ல காலைப் பழக்கு" என்பாள். அழுத பெண்களும் உண்டு, திட்டிக்கொண்டே கற்ற ஆண்களும் உண்டு. பதினைந்தாம் நாள் எல்லோரும் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் கால் பழக்கியவளுக்கு, தன்னுடைய கால் தன் பேச்சைக் கேட்காது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

விஷயம் மாமாவின் மோட்டார் சைக்கிளில் ஆரம்பித்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்த காலத்திலிருந்து அவர் குடும்பம் என்றால் அந்தக் கறுப்பு வண்டிதான். அவளைவிட அதற்கு நான்கு வயது அதிகம். வட்டமான முகப்பு விளக்கு, முட்டியோடு ஒட்டிக்கொள்ளும் பெரிய டேங்க், எட்டு வீட்டுக்கு அப்பால் வரும்போதே இது மாமா என்று சொல்லிவிடுகிற சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டதும் ஓட வேண்டியவள் அவள். சின்ன வயதில் அதுதான் அவளுடைய உத்தியோகம். வீட்டுப்பாடமோ, தலை வாருவதோ, பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய் இரும்புக் கேட்டைத் திறந்து, தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு வழி விடுவாள். வண்டி உள்ளே வரும். டேங்க்கின் மேல் துரை மாதிரி உட்கார்ந்திருப்பான் தம்பி. தெருமுனையில் விளையாடிக்கொண்டிருப்பவனை மாமா அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கேட்டைச் சாத்திட்டு வாம்மா" என்பார். அவளும் சாத்திவிட்டு வருவாள். அந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லையா என்றால், ஏறினாள். இரண்டு முறை, பின்னால். ஒரு முறை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு, ஒரு முறை பரீட்சைக்கு நேரமாகிவிட்டதால். கேட்க வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது. கேட்டதில்லை. யாரும் கேட்கச் சொல்லவுமில்லை.

இப்போது மாமாவுக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. வண்டியை உதைத்துக் கிளப்புகிற காரியம் இனி நடக்காது. அம்மா வீட்டில் தம்பியோடுதான் இருக்கிறார். தம்பி அந்த வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் காபிக் கடை கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கணவரும் மாமாவைப் பார்க்கப் போனபோது, கடைச் சுவரில் ஆள் வைத்து நான்கு இரும்புக் கொக்கிகளைப் பதித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"வண்டிக்குத்தான்க்கா. சுவர்ல மாட்டப் போறேன். வர்றவன் எல்லாம் போட்டோ எடுப்பான் பாரு."

"அவ்வளவு கனத்தைச் சுவர் தாங்குமா?"

"இன்ஜின் உள்ள இருக்கிறதை எல்லாம் உருவிட்டா தாங்கும். வெளிக்கூடு போதும்ல."

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கொடு. நான் ஓட்டுறேன்."

தம்பி சிரித்தான். சுவரில் துளை போட்டவரும் சேர்ந்து சிரித்தார், அவருக்கு என்ன வந்ததோ. மாமா மட்டும் அன்பாகச் சொன்னார்: "உனக்கு எதுக்கும்மா அது? உனக்குக் கால் எட்டாது."

அவள் எழுந்து போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் சப்பென்று பதிந்தன. முப்பது வருடமாக எல்லோரும் எட்டாது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவர்கூட உட்காரவைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

தம்பி கெட்டவன் இல்லை. பந்தயம் என்றால் விடமாட்டான், அவ்வளவுதான். "சரிக்கா. கடை திறக்க ஏழு வாரம் இருக்கு. அன்னைக்குக் காலையில பத்து மணிக்குள்ள நீயே ஓட்டிக்கிட்டு இந்த வாசலுக்கு வா. வந்தா வண்டி உனக்கு. மினி லாரியில ஏத்திக்கிட்டு வந்தா சுவருக்கு. மாமா, சரியா?"

"ஓட்டுறவங்களுக்குத்தான் வண்டி" என்றார் மாமா. ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து முதல் முறையாக அவளைப் பார்த்தார்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். முப்பது வருடம் ஓடுகிற வண்டியில் நின்றே காலம் தள்ளியவர், ஆனால் இரண்டு சக்கரத்தின் மேல் மட்டும் உட்காரமாட்டார். "நாலு சக்கரமாவது இருக்கணும்மா, இல்லேன்னா அது வண்டியே இல்லை" என்பது அவர் கொள்கை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "உன் தம்பி சிரிச்சது எனக்குப் பிடிக்கலை. என்ன செய்யணும்னு சொல்லு."

வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே பேசுகிற ஆள். அவர் வண்டியைச் சுற்றிவந்து காட்டினார்: "அக்கா, புது வண்டி எல்லாத்துக்கும் கியர் இடது கால்ல, பிரேக் வலது கால்ல. இதுல எல்லாம் தலைகீழ். கியர் வலது கால்ல. பிரேக் இடது கால்ல. அதனாலதான் நல்லா ஓட்டத் தெரிஞ்சவன்கூட இதுல ஏறினா திணறுவான்."

"எனக்கு எதுவும் ஓட்டத் தெரியாது" என்றாள் அவள்.

"அப்போ உங்களுக்குப் பிரச்சினையே இல்லை" என்றார் மெக்கானிக்.

அந்த வார்த்தையை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலையின் சரக்கு ஏற்றும் முற்றம் காலியாகக் கிடக்கும். காவலாளி கேட்டைத் திறந்து விட்டார். முதல் நாள் இன்ஜினைக் கிளப்பவே இல்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, வெறும் வண்டியில் உட்கார்ந்து, கிளட்ச், கியர், கிளட்ச், கியர். நூலில்லாத ஊசி. கண்டக்டர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து விசில் அடித்தார். இரண்டு விசில் என்றால் போ, ஒரு விசில் என்றால் நில். அவருக்குத் தெரிந்த வித்தை அதுதான்.

இரண்டாவது வாரம் உதைத்துக் கிளப்பக் கற்றாள். சும்மா ஆத்திரத்தில் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். கெண்டைக்காலில் அவரைக்காய் அளவுக்கு ஒரு நீலம் வாங்கிய பிறகுதான் புரிந்தது. உதைகோலை மெல்ல அழுத்தி, காலுக்கு அடியில் இறுக்கம் தட்டுகிற இடத்தைத் தேடி, அதைத் தாண்டி ஒரு மயிரிழை போய், பிறகு ஒரே மிதி. பதினேழாவது உதையில் வண்டி எழுந்தது. அந்த டப் டப் டப் சத்தம் முற்றத்துச் சுவரில் மோதித் திரும்பியதும், அவளுடைய கால் கேட்டைத் திறக்க ஓடப் பார்த்தது. சத்தியமாக. வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டே.

நான்காவது வாரம் முற்றத்தில் எட்டு போட்டாள். லைசென்ஸ் சோதனைக்கு வந்த அதிகாரி வண்டியைப் பார்த்ததும், "இதுல பிரேக் எங்கம்மா இருக்கு?" என்று அவளிடமே கேட்டார். காட்டினாள். அதற்கப்புறம் அவர் ரொம்பக் கேள்வி கேட்கவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலையில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னாள்.

ஐந்தாவது வாரம் சாலையில் இறங்கினாள். கால்வாய்ப் பாலம் வரைக்கும் அருமையாகப் போனாள். ஏறினாள். இறங்கத் தொடங்கினாள். கீழே ஒரு பள்ளிக்கூட வேன் சட்டென்று நின்றது. தூரம் நிறையவே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று மூளை சொன்னது, கால் கேட்டது, கிளட்ச்சைப் பிடித்து ஒழுங்காகத்தான் அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை. கட்டறுந்த மாதிரி இன்னும் வேகமெடுத்தது. மறுபடி அழுத்தினாள், பலம் கொண்ட மட்டும். ம்ஹூம். ஹேண்டிலை ஒடித்துத் திருப்பி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏறி விழுந்தாள்.

முழங்கையில் சிராய்ப்பு, வாய் நிறைய மணல், வளைந்துபோன கால்தாங்கி. வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் பின்னாலேயே வந்துகொண்டிருந்த கண்டக்டர் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார்.

"பிரேக் பிடிக்கலைங்க" என்றாள். "மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பிடிக்கவே இல்லை."

மெக்கானிக் வந்து பிரேக்கைப் பார்த்தார். நன்றாக இருந்தது. கியரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஏன் நியூட்ரல்ல இருக்கு? மூணாவதுலதானே வந்தீங்க?"

வலது பக்கம் கியர் கம்பிக்குப் பின்னால் இன்னொரு குட்டிக் கம்பி உண்டு. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் அதை அழுத்தினால், முதல் கியர் தவிர எதில் ஓடினாலும் வண்டி நேராக நியூட்ரலுக்குப் போய்விடும். அதாவது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். சமதரையில் சௌகரியம். இறக்கத்தில் அப்படிச் செய்தால் வண்டியை அவிழ்த்துவிட்ட மாதிரி.

அவள் தன் வலது குதிகாலைக் குனிந்து பார்த்தாள். இருபத்து மூன்று வருடம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. குதிகால் என்றால் நில். மாற்றிப் பழக வேண்டிய பழைய பழக்கம் தனக்கு இல்லை, தான் எந்த வண்டியும் ஓட்டாதவள் என்று நினைத்திருந்தாள். ஓட்டியிருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே இருபத்து மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள். முற்றத்தில் அவசரம் என்று ஒன்று வராததால் இத்தனை நாள் தெரியவில்லை.

"அந்தக் கம்பியைக் கழட்டிடட்டுமாக்கா? அது இல்லாமலும் ஓடும்" என்றார் மெக்கானிக்.

"கழட்டினா என் கால் அங்க போகாம இருக்குமா? கம்பி இல்லாத இடத்தை மிதிச்சுக்கிட்டே போவேன். அப்பவும் இடது கால் சும்மாதான் இருக்கும்." வாயில் இருந்த மணலைத் துப்பினாள். "கம்பி மேல தப்பு இல்லை. இருக்கட்டும்."

செய்தி எப்படியோ தம்பிக்குப் போய்விட்டது. போன் பண்ணினான். "போதும்க்கா. பயமா இருக்கு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..." குரல் நிஜமாகவே கலங்கியிருந்தது. "லாரி அனுப்புறேன். பந்தயத்தை மறந்துடு."

"வை போனை" என்றாள் அவள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்பது உண்மைதான். இரண்டு வாரம்தான் பாக்கி. இருபத்து மூன்று வருடத்தை இரண்டு வாரத்தில் எப்படி அழிப்பது? காலையில் பல் தேய்க்கும்போதுதான் அவளுக்கே உறைத்தது: எதற்கு அழிக்க வேண்டும்? அது சோறு போட்ட கால். தொழிற்சாலையில் இடது கைக்காரர்கள் வரும்போது அவர்கள் இடது கையைக் கட்டியா போடுகிறாள்? இன்னொரு காலுக்கு வேலை கொடுத்தால் போதாதா?

தையல் கூடத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மிதிப்பாள். ஆகவே வண்டிக்கு என்று கயிறு கட்டும் கனமான ஷூ ஒன்று. வெறுங்கால் என்றால் தையல், ஷூ என்றால் வண்டி. அதைப் போட்டுக்கொண்டு சாயந்திரம் வேலை முடிந்ததும் முற்றத்துக்குப் போய்விடுவாள். இந்த முறை கண்டக்டருக்குப் புது உத்தரவு: அவள் எதிர்பார்க்கிற நேரத்தில் விசில் அடிக்கக் கூடாது. கதை பேச வேண்டும், வம்பிழுக்க வேண்டும், கோபமூட்ட வேண்டும், நடுவில் அடிக்க வேண்டும்.

"உங்க அம்மா வச்ச குழம்பைவிட நீ வைக்கிறது ஒரு படி கம்மிதான்" என்பார் ஸ்டாண்டில் ஓடுகிற வண்டியின் பக்கத்தில் நின்று. அவள் முறைத்துத் திரும்புவாள். பீய்ங். இடது கால் இறங்க வேண்டும், வலது குதிகால் அசையக் கூடாது. குதிகாலுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் ஒரு முட்டையை வைக்கலாமா என்று யோசித்தார். வீணாகும் என்று விட்டுவிட்டார்கள். பதிலாக ஒரு காலி மருந்து அட்டைப் பெட்டியைச் செருகினார்கள். முதல் நாள் பதினோரு பெட்டி நசுங்கியது. நான்காம் நாள் மூன்று. ஒன்பதாம் நாள் ஒன்றுகூட இல்லை.

அந்த வாரம் தொழிற்சாலையில் டீ இடைவேளைக்கு மேற்பார்வையாளர் விசில் அடித்தபோது, டிரெய்னிங் அக்காவின் இடது கால் மேஜைக்கு அடியில் தரையை ஓங்கி மிதித்தது. பக்கத்தில் காகிதத்தில் ஓட்டிக்கொண்டிருந்த புதுப் பெண் பயந்துபோய் எழுந்துவிட்டாள். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்து அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

கடை திறக்கும் நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்தினாள். கண்டக்டர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க எங்க?"

"பின்னாடி."

"ரெண்டு சக்கரம்தாங்க இருக்கு."

"தெரியும். எண்ணிட்டேன்."

முப்பது வருடம் பிடிமானம் இல்லாமல் பஸ்ஸில் நின்றவர், அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விசிலை வாயில் கவ்விக்கொண்டார். இரண்டு விசில். வண்டி புறப்பட்டது. கடைவீதியில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான், அப்புறம் நான்கு பேர். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவன், "ஆன்ட்டி, என்ன வண்டி இது?" என்று கேட்டான். "என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டாள். இன்னும் ஆகவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டாள். கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கினாள், மணல் மேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா வீட்டுத் தெரு கடைசியில் சரிந்து இறங்கும். இறக்கத்தின் அடியில்தான் வீடு. கேட் திறந்திருக்கும், நேராக உள்ளே போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். திருப்பத்தில் வந்ததும்தான் பார்த்தாள், சாத்தியிருந்தது. பத்து மணிக்குத்தான் திறப்பதாகப் பலகை வேறு. வண்டி மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தது. விசில் வரும் என்று காத்தாள். வரவில்லை. கண்டக்டர் கண்ணை இறுக மூடியிருந்தார், விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வலது குதிகால் லேசாக எழுந்தது. அவளுக்கே தெரிந்தது. எழுந்து, ஷூவின் கனத்தை உணர்ந்து, மறுபடி படிந்துகொண்டது. இடது கால் இறங்கியது. வலது கை முன்பிரேக்கை அழுத்தியது. இரண்டாவது கியர், முதல் கியர். கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. டப், டப், டப்.

"வந்துட்டோமா?" என்றார் கண்டக்டர் கண்ணைத் திறக்காமல். பிறகு திறந்து, "இரு, நான் இறங்கி கேட்டைத் திறக்கிறேன்."

"இறங்காதீங்க."

ஹாரனை அழுத்தினாள். உள்ளே காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவின் குரல் தெருவரை கேட்டது. "டேய், வண்டி வந்துடுச்சுடா! காதுல விழலையா? போய் கேட்டைத் திற!"

தம்பி கையில் மாவோடு ஓடிவந்தான். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தான், பின்னால் இருந்த அத்தானைப் பார்த்தான், தெருவில் எங்கேயாவது லாரி நிற்கிறதா என்றும் எட்டிப் பார்த்தான். எதுவும் இல்லை. தாழ்ப்பாளைத் தூக்கினான். கேட்டை இழுத்தான். வண்டி நுழைய இடம் பத்தாதென்று வயிற்றை எக்கித் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டான். அவன் அப்படி நிற்பதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைக்கவும் வழியில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் கியர். மெல்ல உள்ளே போனாள். மாமா கம்பை ஊன்றி வாசலுக்கு வந்திருந்தார். பழக்க தோஷத்தில் அவர் வாயைத் திறக்கப் போனார், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள், திரும்பிப் பார்க்காமல்:

"கேட்டைச் சாத்திட்டு வாடா."

தம்பி சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, சுவரில் பதித்த நான்கு கொக்கிகளில் ஒன்றில் அவளுடைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.